கை எட்டும் தூரம்

விடுதியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை, பொருந்திப்போனதால் ஒட்டிக்கொண்டது. பல் துலக்கிக்கொண்டே படிக்கட்டில் ஏறி இறங்குவாள். சாப்பிட உட்கார்ந்தால் அடுத்த மேசையில் என்ன சிரிப்பு என்று பார்க்க எழுந்துவிடுவாள். வகுப்பில் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டால், அவள் வந்துவிட்டாள் என்று ஆசிரியர்கள் தலைநிமிராமலே வருகை போட்டுவிடுவார்கள்.

தோட்டக்கலை அவளுக்கு மூன்றாவது படிப்பு. முதலில் நர்சிங் சேர்ந்தாள். நோயாளி தூங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதும் வேலையில் சேர்த்தி என்று தெரிந்ததும் பாதியில் வந்துவிட்டாள். பிறகு கணக்கியல். அதில் நோயாளிகூட இல்லை, நாற்காலி மட்டும்தான் இருந்தது. அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். ஒரு சுவரைப் பாதியில் விட்டு ஏணியை விட்டு இறங்கியதே கிடையாது. அவர் இரண்டு முறையும் கோபப்படவில்லை. மூன்றாவது முறை அவளை விடுதி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது மட்டும், அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்து, "இதையாவது முடிச்சிடும்மா" என்றார்.

முதல் வருடங்கள் ஓடிப்போயின. ஓடத்தான் அங்கே நிறைய இருந்தது. காலையில் வயல், வெயில் ஏறினால் மண் ஆய்வகம், சாயங்காலம் வலையைத் தூக்கிக்கொண்டு பூச்சி பிடிக்கப் போவது. ஒட்டுக்கட்டும் வகுப்பில் அவள் கத்தி பிடித்ததைப் பார்த்து மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரே இழுப்பு, சாய்வான வெட்டு, பிசிறில்லை. தனக்கேற்ற படிப்பு கிடைத்துவிட்டது என்று அவளே நம்பத் தொடங்கினாள்.

கடைசி வருடத்தில் ஆளுக்கொரு சோதனையைச் சொந்தமாக நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். அவளுக்கு வாய்த்தது மாதுளைக் குச்சிகள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, சிலவற்றை வேர் தூண்டும் பொடியில், சிலவற்றைக் கற்றாழைச் சாற்றில், சிலவற்றைத் தேனில், மீதியை வெறும் தண்ணீரில் தோய்த்து, எல்லாவற்றுக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி, கலந்து மணல் பாத்தியில் நட்டு, எது நன்றாக வேர் விடுகிறது என்று பார்ப்பது. நடுகிற நாள் திருவிழாபோல் போனது. பாத்தியின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்ததால், குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதில் குப்புறப் படுத்து, சுவர் ஓரம்வரை அவளே நட்டாள். நட்டு முடிந்ததும் பலகையை எடுத்தாயிற்று.

அதன் பிறகுதான் புரிந்தது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை.

அந்த அறையை எல்லோரும் மிஸ்ட் சேம்பர் என்பார்கள். பிளாஸ்டிக் கூரை, பிளாஸ்டிக் சுவர். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே குழாய்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பனிபோல நீரைத் தூவிவிட்டு நின்றுவிடும். தண்ணீர் ஊற்றும் வேலைகூட அவளுக்கு இல்லை. குச்சிகள் நின்றன. அவளும் நின்றாள்.

ஒரு நாள் சில குச்சிகளின் கணுவில் செம்புநிறத்தில் இலை எட்டிப் பார்த்தது. அவள் அறைக்கு ஓடினாள். அறைத்தோழி எதைப் படித்தாலும் படுத்துக்கொண்டே படிப்பாள், அதனால் தலைகாணி.

"ஏய் தலைகாணி, இலை வந்துடுச்சுடி!"

"வந்தா வரட்டும். வேர் வந்துச்சா?"

"இலை வந்தா வேர் வராமலா இருக்கும்?"

"குச்சியில மிச்சமிருக்கிற தெம்புல இலை விடும்டி. கீழ ஒண்ணுமே இருக்காது. ரெண்டாம் வருஷம் இதைத்தானே மேடம் திரும்பத் திரும்பச் சொன்னாங்க? நீ அப்ப ஜன்னல் வழியா டிராக்டரைப் பாத்துட்டு இருந்தே."

அன்று தூக்கம் வரவில்லை. மேலே அழகாகச் சிரித்துக்கொண்டு கீழே வெறும் கட்டையாக நிற்கிற குச்சிகள் கண்ணுக்குள் வரிசை கட்டின. காலையில் முதல் ஆளாகப் போனாள். ஒன்றே ஒன்று, பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். இழுத்தாள், வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்தது. அடியில் ஒன்றுமில்லை. அதே குழியில் செருகி, மணலைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். பனித்தூவல் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பக்கத்துக் குச்சி. அதில் ஒன்றுமில்லை என்பதால் அதற்கடுத்தது. ஒன்றின் அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி தடித்திருந்ததைக் கண்ட நாளில் சந்தோஷம் தாங்காமல் மேலும் பலவற்றை இழுத்துப் பார்த்தாள். புதுவேர் தலைமுடியைவிட மெல்லியது, மணலோடு உரசினாலே ஒடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அவள் கைக்கும் அவள் படிப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முன்பக்கத்துக் குச்சிகள் வாடத் தொடங்கின. இலை சுருண்டது, தண்டு கறுத்தது. அவள் பூஞ்சைமருந்து அடித்தாள். கேட்டவர்களிடம் பூஞ்சை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பூஞ்சை என்று தோன்ற ஆரம்பித்தது.

சோதனையைப் பார்வையிட மேடம் வந்த அன்று வகுப்பே பின்னால் வந்தது. மேடம் குள்ளம், குரல் மெல்லிசு; திட்டும்போதும் குசலம் விசாரிப்பதுபோலவே இருக்கும். பாத்தியின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"பூஞ்சை மேடம்."

"அப்படியா? கொஞ்சம் இப்படி வந்து நில்லு. கையை நீட்டு. இன்னும் நல்லா... ம்."

விரல்நுனி எங்கே முடிந்ததோ அங்கேதான் பச்சை தொடங்கியது. அங்கிருந்து சுவர்வரை குச்சிகள் செழித்து நின்றன. அவள் வழக்கமாக நிற்கிற இடத்தைச் சுற்றி மட்டும், கவராயம் வைத்துக் கீறியதுபோல அரைவட்டமாகக் கருகிக் கிடந்தது.

"பூஞ்சைக்கு உன் கை அளவு எப்படிம்மா தெரிஞ்சுது?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தலைகாணி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நீட்டிய கையை எப்போது மடக்கலாம் என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.

மற்றவர்கள் போனபின் மேடம் சொன்னார். "மிச்சத்தை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. மொத்தத்தையும் எடுத்துட்டு புதுசா நடணும். தோட்டத்துல மாதுளையைக் கவாத்து பண்ணிக் கிளை வெட்டறாங்க, குச்சி கிடைக்கும். ஆனா எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமும் நீ இங்கயே கிடக்கணும். முடியாதுன்னா நாளைக்குள்ள சொல்லிடு, பேரை எடுத்துடறேன்."

அறைக்குப் போனதும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். அந்த வேலை கைக்குப் பழக்கம். துணிகளைப் பாதி அடுக்கிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றாள்.

"முதல்ல தூங்கற நோயாளியைப் பார்த்துப் பயந்தே, அடுத்தது நாற்காலியைப் பார்த்து. இங்க எதைப் பார்த்துடி பயம், மண்புழுவா?" என்றாள் அக்கா.

"காத்துக்கிட்டு இருக்க முடியலைக்கா."

அக்கா இன்னும் கிண்டல் செய்வாள், சண்டை பிடிக்கலாம், சண்டையில் அழுதுவிட்டுப் பெட்டியை மூடிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அக்கா பெருமூச்சுகூட விடவில்லை.

"சரி, வா. உன் கட்டில்ல துணி குவிச்சு வச்சிருக்கேன், எடுத்துடறேன்."

"அப்பா எதாவது சொல்வாரா?"

"ஒண்ணும் சொல்லமாட்டார். எங்களுக்குப் பழகிப்போச்சுடி."

போனை வைத்தபிறகும் அந்தப் பழகிப்போச்சு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. திட்டியிருந்தால் போயிருப்பாள். அவள் திரும்பி வருவதற்கு வீடு தயாராகவே இருந்திருக்கிறது. போன வருடமும் அப்படித்தான் இருந்திருக்கும், அவள் ஒட்டுக்கட்டிக் கைதட்டல் வாங்கிய அன்றும்கூட. அடுக்கிய சட்டையை எடுத்துப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

தலைகாணி படுத்த இடத்திலிருந்து, "உள்ள வைக்கிறியா, வெளிய எடுக்கிறியா? ஒரு பக்கமா முடிவு பண்ணு, எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

சட்டையைக் கட்டிலில் எறிந்துவிட்டு அவள் துறைக்கட்டடத்துக்கு நடந்தாள். நடை என்று பெயர், ஓட்டம்தான். மேடம் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"புதுசா நடறேன் மேடம். ஆனா ரெண்டு விஷயம். கைக்கு எட்டற இடத்துல சோதனைக் குச்சி ஒண்ணுகூட வைக்க மாட்டேன். அங்க தனியா கொஞ்சம் குச்சி வச்சுக்கறேன், இழுத்துப் பாக்கறதுக்குன்னே. அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்."

மேடம் வண்டியை அணைத்தார். "இழுத்ததைத் திரும்ப நடக்கூடாது. தூக்கிப் போட்டுடணும். சம்மதமா?"

"சம்மதம்."

"ரெண்டாவது?"

"அந்தப் பலகையை உங்க ரூம்ல வச்சுப் பூட்டிக்குங்க மேடம்."

இப்போது சிரித்தது மேடம்.

சோதனைக் குச்சிகளை நெருக்கிச் சுவரோரமாகவும், இழுத்துப் பார்க்கும் குச்சிகளை முன்னால் ஒரு வரிசையாகவும் நட்டாள். நட்டு முடிந்ததும் பலகை மேடத்தின் அறைக்குப் போனது. விடுதி காலியானது. தலைகாணி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். முன்வரிசையில் தினம் ஒன்றை இழுக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. சில நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இழுத்தது செத்தது என்று கணக்கு ஆனதும் கை கொஞ்சம் யோசிக்கப் பழகியது. ஆனாலும் வரிசை சீக்கிரமே தீர்ந்துபோனது. கடைசியாக இழுத்தவற்றின் அடியிலும் வெறும் தடிப்புதான். அதற்குப் பிறகு அவளிடம் எந்தச் சேதியும் இல்லை. மற்றவர்களின் பாத்திகளில் களை பறித்தாள், கேட்காதவர்களுக்கும் குழாய் மாற்றிக் கொடுத்தாள். மிஸ்ட் சேம்பரின் வாசலில் பிளாஸ்டிக்கில் முகத்தை ஒட்டி, உள்ளே மங்கலாகத் தெரிகிற பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். முதல் தடவையும் இப்படித்தானே பச்சையாக இருந்தது என்று கூடவே தோன்றும்.

குச்சிகளை எடுக்கிற நாளில், வேரைக் கழுவிப் பார்க்க மேடம் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். தோட்ட வேலைக்காரர்கள் பலகையைக் குறுக்கே போட்டார்கள்.

"ம், இழு. இன்னிக்கு உனக்கு முழு அனுமதி."

அவள் பலகையில் குப்புறப் படுத்தாள். கை நீண்டது, பாதியில் நின்றது.

"இன்னும் நாலு நாள் விட்டுப் பாக்கலாமா மேடம்?"

"யாரு, நீயா பேசறது?"

"இதுலயும் ஒண்ணுமில்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைன்னு எழுதுவோம். அதுவும் முடிவுதான். முடிச்சவங்கதான் அதை எழுத முடியும். இழும்மா, வெயில் ஏறுது."

சுவரோரத்திலிருந்த முதல் குச்சியின் கழுத்தைப் பிடித்தாள். இத்தனை நாளில் எத்தனையோ குச்சிகளை இழுத்த கை அது. எந்த அழுத்தத்துக்கு எப்படி வரும் என்று அதற்கு மனப்பாடம். அதே அளவு இழுத்தாள்.

குச்சி வரவில்லை.

கொஞ்சம் கூட்டி இழுத்தாள். மணல் கீழே எங்கோ இறுகப் பிடித்துக்கொண்டு, விட மறுத்தது. அவள் கையை எடுத்துவிட்டு மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் சுற்றிலும் மணலைப் பறிக்க ஆரம்பித்தாள், மெதுவாக.