முறக்காலியின் மலை ஷூ

எங்கள் பல்செட் பட்டறையில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி முறக்காலி. அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. கூடப்பிறந்த அக்காவே சின்ன வயதில் வைத்தது. அக்காவுக்கு வாய் நீளம், இவளுக்குக் கால் அகலம். விரல் பக்கம் முறம் போல விரிந்திருக்கும், குதிகால் ஒடுங்கியிருக்கும், புறங்கால் மேடு தட்டியிருக்கும். போதாததற்கு இடது கால் வலதைவிடச் சற்றுப் பெரிது. படைத்தவன் ஏதோ அவசரத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அவளே சொல்வாள். ஷூ செய்கிறவர்களைப் பற்றி அவள் சொல்வதை எழுத முடியாது.

நாற்பது வயது தாண்டும்வரை அந்தக் கால்களுக்குத் திறந்த செருப்பே போதுமாக இருந்தது. யாரோ ஒருவருடைய ஈறின் பிளாஸ்டர் அச்சை முன்னால் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பல் பொருத்துகிறவளுக்கு ஷூ எதற்கு? அப்புறம் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அக்கா உடனே இவளைத் தன் புருஷனுடைய மலையேற்றக் குழுவில் சேர்த்துவிட்டாள்.

அக்கா புருஷனுக்குக் கேப்டன் என்று பெயர். கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. மாதம் ஒருமுறை நாலு பேரை மலைக்குக் கூட்டிப்போவார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும், அவ்வளவுதான். மழை வருமா என்று யாராவது கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டார், கேட்டவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார். ஷூ விஷயத்திலும் அவர் வாக்கே வேதம்.

"நான் போடற ஷூவையே வாங்கிக்கோ. மொதல்ல பிடிக்கத்தான் செய்யும். போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்றார்.

விட்டுக்கொடுத்தது ஷூ அல்ல, கால். ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். இறங்கும்போது அடிக்கு அடி விரல்கள் முன்னால் போய் இடித்தன. பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கழற்றினால், பெருவிரல் நகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. மீதித் தூரத்தை வெறும் சாக்ஸோடு இறங்கினாள். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு மூச்சும் கிடையாது, மனத்திடமும் கிடையாது என்று கேப்டன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாராம். நகம் விழுந்த அன்று அவள் என்னிடம்தான் சொன்னாள்: "மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு. காலுக்குத்தான் எவனும் ஷூ பண்ணல."

அதன்பின் கடைப்படலம். முதல் கடைக்காரன் காலைப் பார்க்கவே இல்லை, பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்தான். அகலம் போதவில்லை என்றாள்; நீளமானதைக் கொண்டுவந்தான். அதிலும் பிடித்தது என்றாள். இன்னும் நீளமானதைக் கொண்டுவந்தான். சட்டை தோளில் பிடிக்கிறது என்றால் கையை நீட்டித் தைத்துக் கொடுக்கிற தையல்காரனை நான் பார்த்ததில்லை. ஷூக்கடையில் அப்படிப்பட்டவர்கள்தான் வேலைக்கு இருக்கிறார்கள்.

இரண்டாவது கடையில் மெஷின் இருந்தது. ஏறி நிற்கச் சொல்லி, பச்சையும் சிவப்புமாகப் படம் எடுத்து, "உங்க பாதம் ரொம்ப அகலம் மேடம்" என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குச் சரியான ஷூ இருக்கிறதா என்றால் இல்லை. பெண்கள் வரிசையில் ரோஸ் கலரும் கத்திரிப்பூ கலருமாக, ஈர்க்குச்சிக் கால்களுக்கான ஜோடிகள். பெண் என்றால் கால் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த மகாராஜன் முடிவு செய்தானோ.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஈறுக்கு அச்சு எடுக்கிறவர்களுக்குக் காலுக்கு எடுக்கத் தெரியாதா என்று அவள் ஒருநாள் ஆரம்பித்தாள். முதலாளி கிளம்பியதும் நான் பிளாஸ்டர் கலக்கினேன். அவளுடைய பாதங்கள் இரண்டும் அப்படியே வெள்ளையாக வந்தன. துண்டில் சுற்றி மூன்றாவது கடைக்கு எடுத்துப் போனோம். காலைப் புண்ணாக்காமல் இதிலேயே மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். மாட்டியது பாதிவரை போய்ச் சிக்கிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் குதிகால் உடைந்து ஷூவுக்குள்ளேயே தங்கிவிட்டது. பல் மடங்காது, கால் மடங்கித்தான் ஷூவுக்குள் போகும். இது எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

கடைக்காரர் திட்டிக்கொண்டே ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். பிளாஸ்டர் தூளோடு உள்ளே விரித்திருந்த மெத்தையட்டையும் வெளியே விழுந்தது. முறக்காலி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். இரண்டு பக்கமும் கால் வழிந்து தரையில் கிடந்தது. "போட்டே பாக்க வேண்டாம் போல" என்றாள். இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கடைக்காரர் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

அடுத்து டவர் வேலை, ரோடு வேலைக்குப் போகிறவர்கள் வாங்குகிற கடை. சாயங்காலம், கால் வீங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து, தடித்த சாக்ஸோடு போனாள். ஒவ்வொரு ஷூவிலிருந்தும் மெத்தையட்டையை உருவி நின்று பார்த்தாள். கடைசியில் சேற்று நிறத்தில் ஒரு ஜோடி. விரல்கள் எல்லாம் அட்டைக்குள் அடங்கின.

"அது ஜென்ட்ஸ், மேடம்" என்றான் விற்பனையாளன்.

"கால்ல போடத்தான் கேக்கறேன். மாப்பிள்ளை பாக்க வரல" என்றாள்.

பெரிய காலுக்கு அளவு எடுத்தாள். சின்னக் காலுக்கு இன்னொரு சாக்ஸ். குதிகால் தூக்கியது, லேஸை விரல் பக்கம் தளர்த்தி, கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கினாள், நின்றுவிட்டது. அப்புறம் கடை மாடிப்படியில் தொம் தொம்மென்று ஏறி இறங்கினாள். மற்ற வாடிக்கையாளர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். இறங்கும்போது விரல் இடிக்கவில்லை என்று உறுதியானபிறகுதான் வாங்கினாள். பார்ப்பதற்கு இரண்டு செங்கல் போல இருந்தன. வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் போட்டு நடந்தாள்.

அடுத்த மலையில் முன்வரிசையில் இறங்கி வந்தாள். இது சுலபமான பாதை என்றார் கேப்டன். அன்று வேனில்தான் அக்கா இவள் காதில் கிசுகிசுத்தாள்: "உங்க அத்தானுக்கு ரெண்டு பெருவிரல்லயும் நகமே கிடையாதுடி. பல வருஷமா."

அதற்கடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனவள், வாசலில் கிடந்த கேப்டன் ஷூவிலிருந்து அட்டையை உருவி அவர் முன்னால் போட்டாள். "அத்தான், கொஞ்சம் இதுமேல நில்லுங்க."

யோசிக்காமல் நின்றுவிட்டார். நகமில்லாத விரல்கள் அட்டை முடிகிற இடத்தைத் தாண்டித் தரையில் இருந்தன. அக்கா பார்த்தாள், அவரும் பார்த்தார். இத்தனை வருஷமாகக் குழுவில் எல்லாருக்கும் ஷூ சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். மலை ஷூ என்றால் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், நகம் போவதெல்லாம் அனுபவம் என்றார். அட்டையை எடுத்துத் திரும்ப ஷூவுக்குள் திணித்துக்கொண்டார்.

அக்கா அந்த வாரமே தங்கையோடு கிளம்பிப்போய்ச் செங்கல் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். இப்போது அக்காவும் தங்கையும் தனியாகத்தான் மலைக்குப் போகிறார்கள்.

தன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் இருவரும் விலகிவிட்டதாகக் கேப்டன் குழுவில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பல்செட் வாங்க வந்த அவருடைய ஆள் ஒருவரே சொன்னார். நடக்கும்போது லேசாக நொண்டினார். முறக்காலியிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்து முடித்தாள், ஞாயிற்றுக்கிழமை எந்த மலை என்று அக்காவுக்குப் போன் போட்டாள்.