ரெட் ரிவருக்கு வடக்கே ஒரு குட்டி அரசாங்கம், என் மூன்று வருடத் திட்டம்

டாலஸ் பக்கம் நம் ஆட்களிடம் "ரெட் ரிவரைத் தாண்டி ஓக்லஹோமா போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, கேசினோல சூதாடவா?" என்று கண்ணடிப்பார்கள். நான் போனது வேலை கேட்டு. இந்த மார்ச்சில், பிள்ளைக்கு ஸ்பிரிங் பிரேக் விட்டிருந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பொருளாதாரம் படித்துவிட்டு, ஈரோட்டில் மாவட்டத் திட்ட அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்தேன். எந்த ஊருக்கு பஸ் விடலாம், துணை சுகாதார நிலையத்தை எங்கே வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற வேலை. கல்யாணமாகி டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்கு வந்து பதினோரு வருடம். முதல் ஏழு வருடம் டிபென்டென்ட் விசாவில் வேலை பார்க்கவே அனுமதி இல்லை. அப்புறம் வொர்க் பெர்மிட் வந்தது, வேலை வரவில்லை. "சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணுங்க, ஈஸி" என்று கோவிலில் பார்க்கிற ஆன்ட்டிகள் அத்தனை பேரும் சொல்லியாகிவிட்டது. எனக்கு டெஸ்டிங் வேண்டாம். ஒரு ஊர் வேண்டும். அந்த ஊருக்கு எது நல்லது என்று யோசிக்கிற நாற்காலி வேண்டும். அதற்காக நான் ஏங்கிய ஏக்கம் வெளியே சொன்னால் வெட்கம்.

அப்போதுதான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அமெரிக்காவுக்குள் பூர்வகுடி மக்களின் தனி அரசுகள் உண்டு. அப்படி ஒரு சின்ன நாடு, பெயரை எழுதவில்லை. ஜனம் என்று பார்த்தால் நம் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றின் அளவுதான். ஆனால் தனி கவுன்சில், தனி கோர்ட், தனி போலீஸ், வண்டிக்குத் தனி நம்பர் பிளேட். ஒன்றிய அரசு நடத்திக்கொண்டிருந்த மருத்துவமனையை இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் தங்கள் கைக்கு வாங்கியிருக்கிறார்கள். மாநில சுயாட்சி என்று மேடையில் கேட்டே வளர்ந்தவளுக்கு, அதை வீட்டிலிருந்து நூற்றுச் சொச்சம் மைலில் நேரில் பார்க்கலாம் என்றால் சும்மா இருக்க முடியுமா? பொருளாதார வளர்ச்சித் துறைக்குத் திட்ட அலுவலர் தேவை என்றார்கள். விண்ணப்பித்தேன். "வீடியோ கால் வேண்டாம், வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்று பதில் வந்தது.

காலை 7.40க்குக் கிளம்பினோம். என் கணவர் செந்தில் டிரைவிங், பின் சீட்டில் மகள் நிலா, அவளுக்குப் பக்கத்தில் புளிசாத டப்பா. 121 டோல் வழியாகப் போய் ஆலன் தாண்டி 75 பிடித்தால் நேராக வடக்கு. ஷெர்மனில் காபிக்குப் பதினைந்து நிமிடம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணி 9.05. ரெட் ரிவர் பேருக்கு ஏற்ற மாதிரி செம்மண் கரைத்த தண்ணீர்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அதற்கப்புறம் இருவழிச் சாலை, மாடுகள், பீக்கன் கொட்டை மரங்கள். மொத்தம் 108 மைல், போய்ச் சேர 9.55. பெட்ரோல் போக வர இருபத்தைந்து டாலருக்குள் அடங்கிவிட்டது.

துறைத் தலைவி மார்த்தாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கைகுலுக்கிய கையோடு தன் டிரக்கில் ஏற்றி ஊரைச் சுற்றிக்காட்டினார். அந்த மருத்துவமனைக்கு வெளியே வெயிலில் ஒரு அம்மா வண்டிக்காக உட்கார்ந்திருந்தார். "டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு. வந்து போகத்தான் வழியில்ல" என்றார் மார்த்தா. (பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.) என் மனசு துள்ளியது. பஸ் ரூட்! இது என் வேலையல்லவா!

மதியம் சமுதாயக் கூடத்தில் சாப்பாடு, ஆளுக்கு ஆறு டாலர். வயதானவர்கள் தட்டு எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு போய் நிற்காதீர்கள். சாப்பாடு முடிந்து நான் தயாரித்துக்கொண்டு போன திட்டத்தை விரித்தேன். மூன்று வாரம் உழைத்தது. மருத்துவமனைக்கு இரண்டு பஸ் ரூட், பெண்களுக்குக் கடன் குழு, நர்ஸிங் பயிற்சி. பீக்கன் தோப்பு என்று ஒரு வரி எழுதி, அதை மட்டும் அடித்திருந்தேன். பெருமையாகத்தான் இருந்தேன்.

மார்த்தா கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்.

"எல்லாமே நல்லாருக்கு. ஆனா எல்லாமே மூணாவது வருஷத்தோட முடியுது. ஏன்?"

எனக்குப் புரியவில்லை. நானும் புரட்டிப் பார்த்தேன். ஆமாம், ஒன்று விடாமல் மூன்று வருடம்.

"பீக்கன் தோப்பு வேண்டாம்னு அடிச்சிருக்கீங்களே?"

"காய்ப்புக்கு வர எட்டு வருஷம் ஆகும்னு படிச்சேன். அதான்."

"ஆகும். எட்டு வருஷம் கழிச்சும் நாங்க இங்கதான் இருப்போம்."

அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. செந்திலின் விசாவை மூன்று மூன்று வருடமாகத்தான் நீட்டுகிறார்கள். வாங்குகிற சோபாவிலிருந்து நிலாவின் வயலின் வகுப்பு வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. அடுத்தவர்கள் நாட்டுக்கும் அதே அளவுகோலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

மறைக்க மனசு வரவில்லை. என் பெர்மிட் அடுத்த பிப்ரவரியோடு முடிகிறது, நீட்டித்துக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று சொன்னேன். மார்த்தா தலையாட்டினார்.

"வருஷா வருஷம் வாஷிங்டன்லேர்ந்து பணம் வருமா, வராதான்னு பார்த்துட்டே இருந்தவங்க நாங்க. அப்ப நாங்களும் இப்படித்தான் பிளான் எழுதுவோம், ஒரே ஒரு வருஷத்துக்கு. இதைத் திருப்பி எழுதுங்க. முப்பது வருஷத்துக்கு. ரெண்டு வாரம் டைம்."

3.20க்குத் திரும்பக் கிளம்பினோம். "என்ன சொன்னாங்க?" என்றார் செந்தில்.

"முப்பது வருஷத்துக்கு பிளான் கேக்கறாங்க."

"முப்பதா? நம்ம கிரீன் கார்டு க்யூ அதுக்குள்ள நகருமான்னே தெரியல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஷெர்மன் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன். "அம்மா, டிட் யூ கெட் தி ஜாப்?" என்றாள் நிலா. "இன்னும் இல்லடா" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள், அலுவலகங்கள் நாலு மணிக்கு மூடிவிடுகின்றன. பாலம் தாண்டியதும் போன் சிக்னல் வந்து வந்து போகும், மேப்பை முன்னாலேயே டவுன்லோட் பண்ணிவிடுங்கள். ஸ்பீடு லிமிட்டை மதியுங்கள். அங்கே போலீஸும் அவர்களுடையது, கோர்ட்டும் அவர்களுடையது. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். "உங்க டான்ஸ் எப்போ நடக்கும்?" என்று கேட்டு மானத்தை வாங்காதீர்கள். அவர்கள் ஒரு அரசாங்கம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

இரண்டு வாரமும் திருத்தி எழுதினேன். பஸ் பணிமனை, ஊர்ப் பிள்ளைகளே மருந்தாளுநராக வருவது என்று முப்பதாவது வருடம் வரை போட்டுவிட்டேன். பிறர் ஊருக்கு நீளமாக யோசிப்பது கஷ்டமாக இல்லை. 'பொறுப்பாளர்' என்ற கட்டம்தான் கஷ்டப்படுத்தியது. எட்டாவது வருடம், தோப்பில் முதல் அறுவடை என்ற வரிக்கு நேராக அந்தக் கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. இன்று காலை அதில் என் பெயரைத் தட்டினேன்.

பின்னால் நின்று பார்த்த செந்தில், "அதுவரைக்கும் நம்மள இங்க விடுவாங்களா?" என்றார்.

"தெரியாதுங்க. ஆனா எனக்கு இங்க இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அழிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.