சின்னப் பாதத்தின் கணக்கு

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். ஒருநாள் பிள்ளைகளைப் பள்ளி வராந்தாவைப் பாதத்தால் அளக்கச் சொன்னேன். ஆளுக்கொரு கணக்கு வரும், சண்டை மூளும், உடனே பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்த மர அளவுகோலை எடுத்து நீட்டலாம் என்பது என் திட்டம்.

சண்டையே வரவில்லை. எனக்குக் கடுப்பாகிவிட்டது. வகுப்பிலேயே சின்னப் பாதம் உள்ள பெண்ணின் கணக்குதான் சரி என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

"ஏன்டா?"

"அப்பதான் டீச்சர் நம்ம வராந்தா பெர்சா கீது!"

பிடித்த மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டும் ஊர். பிள்ளைகள் வேறெப்படிச் சொல்லும்? அன்றுமுதல் எல்லாவற்றையும் அவள்தான் அளந்தாள். கரும்பலகையை அளக்க அவளைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஒருநாள் அவள் வரவில்லை. இதுதான் சமயம் என்று அளவுகோலை எடுத்தேன். அதற்குள் மீன்கூடையோடு அவள் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"பாப்பாவுக்கு ஜொரம் டீச்சர். அது இல்லாங்காட்டி அளக்க முடியாதாமே? இத்த குட்துட்டு வரச் சொல்லிச்சி."

அவர் நீட்டியது ஒரு குட்டி ரப்பர் செருப்பு. பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள்.

கையிலிருந்த கட்டையை பீரோவுக்குப் பின்னாலேயே வைத்தேன். அளவுகோல்தான் வந்துவிட்டதே.