நடுக்கடலில் கைமாறிய தூக்குச்சட்டி

மலாக்கா நீரிணையில் இங்கிலீஷ்காரருக்கும் ஒல்லாந்தருக்கும் நடந்த சண்டையை மூட்டியதும் தீர்த்ததும் என் அம்மா சுட்ட அதிரசம்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் முக்கால் பங்கு புளுகு. மிச்சக் கால் பங்கு கௌஸ் மாமாவின் கதை.

இங்கிலீஷ்காரர் பக்கத்துத் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமில் சர்க்கார் காவல் லாஞ்சுப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் அவர். நாகூர்க்காரர். அப்பாவுக்கு ரயில்வே கொடுத்திருந்த லயத்து வீட்டுக்கு அடுத்த அறையில் தனியாக இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு தங்கை ரசியாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அவளைக் கட்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் பெலாவான் துறைமுகத்தில் ஜவுளிக்கடை போட்டு அழைத்துப் போய்விட்டார். நடுவில் ஒரே கடல்தான். ஆனால் பாதி வழியில் ஒரு ராஜ்யம் முடிந்து இன்னொன்று தொடங்கியது. அங்கே இறங்க ஒல்லாந்தர் அனுமதி வேண்டும், இங்கிருந்து கிளம்ப துரை லீவு தர வேண்டும். ஒன்று கிடைத்த வருஷம் மற்றது கிடைக்காது.

வேலை முடிந்த மாலைகளில் படகுத்துறையில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். சுமத்ரா தெரிகிறதா மாமா என்று கேட்டால், "கரை தெரியல. புகை தெரியுது. ரசியா உலை வச்சிருக்கா" என்பார். எனக்கும் தெரிகிறது என்று நான் சொல்வேன். அப்போதே எனக்கு அந்தப் பழக்கம்.

அபின் கடத்துகிறவர்களுக்கு அந்த எல்லைக்கோடுதான் சோறு போட்டது. இங்கே துரத்தினால் அங்கே ஓடுவார்கள், அங்கே துரத்தினால் இங்கே. அதனால் இரண்டு சர்க்கார் லாஞ்சுகளும் மாதம் ஒருமுறை நடுக்கடல் மணல்திட்டுக் கலங்கரை விளக்கின் அருகே சேர்ந்து நின்று துப்பு பரிமாறிக்கொள்வது என்று ஏற்பாடு. துரைமார் மேலே காப்பி குடிப்பார்கள். கீழே, ஒல்லாந்தர் லாஞ்சில் கரி அள்ளிப் போடும் தம்புசாமி, ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியை மாமாவிடம் நீட்டுவார். உள்ளே ரசியா தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டிய தொதல் இருக்கும். அந்த ஊர் மலாய்க்காரப் பெண்களிடம் அவள் கற்றுக்கொண்டது.

வந்த சட்டியை வெறுமையாகத் திருப்புவது நம் ஆட்களிடம் உறவை முறிப்பதற்குச் சமம். மாமாவுக்கோ வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். ஆகவே என் அம்மா வீரம்மாதான் அதிரசம், முறுக்கு என்று மாதாமாதம் நிரப்பிக் கொடுத்தாள். அவர் அதைத் தன் தலைப்பாகைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார்.

ஒரு மாதம் சட்டி காலியாக வந்தது. கழுவித் துடைத்து, காய்ந்து, ஒரு சர்க்கரைத் துகள்கூட இல்லாமல்.

ரசியா சொல்லச் சொன்னதைத் தம்புசாமி அவர் முகத்தைப் பார்க்காமல் ஒப்பித்தார். "நானா வீட்டுப் பொம்பள கை நல்லாத்தான் இருக்கு. கருகமணி கட்ட மட்டும் தங்கச்சி வேணாமாப் போச்சா?"

நாகூரில் அண்ணனை நானா என்பார்கள். நிக்காஹில் அண்ணன் மனைவிக்குத் தாலிபோலக் கருகமணி கட்டும் உரிமை தங்கைக்கு. இத்தனை பக்குவமான அதிரசம் மனைவி இல்லாத வீட்டிலிருந்து வருமா? அண்ணன் சொல்லாமல் நிக்காஹ் முடித்துவிட்டான் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். உண்மையில், அவள் வந்து கட்டட்டும் என்றுதான் மாமா வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சொல்லிப் புரியவைக்கலாம் என்று இருந்தார். அதற்குள் மணல்திட்டுக்கு அருகே வலை போட்ட நம் பக்கத்து மீன்பிடிப் படகுகளை ஒல்லாந்தர் பிடித்துப் போனார்கள். அது எங்கள் தண்ணீர் என்றார்கள் அவர்கள். எங்கள் தண்ணீர் என்றார்கள் இவர்கள். காப்பி நின்றது, சந்திப்பும் நின்றது. காலிச் சட்டியை மாமா தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். தம்புசாமி சொல்லும் வாய்மொழியை இனி ரசியா நம்பமாட்டாள் என்றும், பார்த்தவுடன் நம்பும்படி ஏதாவது அனுப்ப வேண்டும் என்றும் அம்மாவிடம் புலம்பினார்.

கோபித்துக்கொண்ட இரண்டு லாஞ்சுகளுக்கும் நடுவில் கடத்தல்காரர்கள் பட்டப்பகலில் பாய் விரித்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் துரைமார் மீண்டும் சேர்ந்து நிற்க ஒப்புக்கொண்டார்கள். செய்தி வந்த அன்றே மாமா எங்கள் அடுப்படிக்கு வந்து, தானே தொதல் கிண்டப்போவதாகச் சொன்னார். அம்மா அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கப் போனாள்.

"நீங்க தொட்டா என் வழக்கு தோத்துரும்க்கா. சும்மா இருங்க லா."

தேங்காய்ப்பால் திரிந்தது, மாவு கட்டியது, வெல்லம் கருகியது. எட்டிப் பார்த்த அப்பா, படகு அடியில் பூசும் தார் எதற்கு வீட்டுக்குள் என்று கேட்டார். மாமா அதைச் சட்டியில் போட்டு மூடியபோது அவர் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் இருந்தது.

அந்தத் தாரை ஒரு வாய் கடித்ததும் ரசியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண் வாசனை படாத அடுப்பு அது. அவள் சிரித்த சிரிப்பு கடல் தாண்டி எங்கள் பக்கத்துக் கிள்ளான் வரைக்கும் கேட்டது. மறுமாதமே ஒல்லாந்தர் லாஞ்சில் ஏறி நடுக்கடலுக்கு வந்தாள். அண்ணனும் தங்கையும் இரண்டு ராஜ்யத்தில் நின்றபடியே கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். துரைமார் தொப்பியைக் கழற்றினார்கள்.

பல வருஷம் கழித்து இதை எழுதி, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக்காட்டியபோது, பெலாவானை அடுத்த மேடானிலிருந்து வந்திருந்த ரசியாவின் மகள் சௌதா கையமர்த்தினாள்.

"எங்க உம்மா வரவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. அந்தக் கருகல முழுசாத் தின்னாங்க, எங்களுக்கு ஒரு வாய் தரல. சட்டியக் கழுவி வச்சவங்க அப்புறம் அனுப்பவே இல்ல. மாமா ஆள் மேல ஆள் விட்டுக் கேட்டப்பல்லாம், நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லுன்னாங்க."