ஐந்து வௌவால்கள்

சீனப் புத்தாண்டுக்காகச் சிங்கப்பூர் பொங்கோலில் ஒரு கடையில், அன்பளிப்புப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகள் வாங்கினேன். சிவப்புத் தாளில் ஐந்து வௌவால்கள். ஆயுள், செல்வம், நோயின்மை என்று ஐந்தும் ஐந்து பாக்கியங்களாம்; கடையிலிருந்த சீனப்பெண் சொன்னாள். எனக்கு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் புக்கிட் மேரா அடுக்குமாடியில் இருந்தோம். தம்பி பிறந்து மாதம் நிறைந்தபோது, எதிர்வீட்டுச் சீனத்தம்மா தன் கையால் தைத்த சிவப்புப் போர்வையைக் கொண்டுவந்தாள். அதில் பொன்னிற நூலில் ஐந்து வௌவால்கள். "பாகுஸ், பாகுஸ்," நல்லது என்று மலாயில் சொல்லித் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். அம்மா சிரித்து வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

"வவ்வா அடையிற வீடு வெளங்குமாடி? பச்சப்பிள்ளைக்கு இதையா தருவாங்க? அவளுக்குப் பிள்ளை இல்ல, அந்த வயித்தெரிச்சல்."

மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல். அம்மாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. தூக்கி எறியவும் பயம். மடிப்புக்குள் வேப்பிலை வைத்து அலமாரியின் மேல் போட்டாள். காய்ச்சலைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டம்மா கஞ்சியோடு வந்து தட்டினாள். நாங்கள் மூச்சுக் காட்டவில்லை. கதவின் அடியில் அவளுடைய மரச்செருப்புகள் வெகுநேரம் தெரிந்தன.

தம்பி இப்போது தாத்தா. பேரனுக்குக் கொடுக்கலாமென்று, வீட்டுக்கு வந்ததும் அம்மா விட்டுப்போன அந்தப் போர்வையை எடுத்துப் பிரித்தேன். வேப்பிலை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கீழே போய்ப் புதிதாக ஒரு கொத்துப் பறித்துவந்து, உள்ளே வைத்து மடித்துவிட்டேன்.