கராஜுக்குக் குடிபூரல்

தன் வீட்டுக் கராஜுக்குள் போகுமுன் கதவைத் தட்டுவார் தவநாயகி அக்கா. ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் குடை; தட்டுவது முழங்கையால். லண்டனின் மிச்சம் என்ற இந்தப் பகுதியில் மழைக்கு எந்த நாளும் குறைவில்லை. உள்ளேயிருந்து "வா" என்று குரல் வரும்வரை தோட்டத்திலேயே நிற்பார். "உங்கட வீட்டுக் கதவை நீங்களே தட்டுறியளோ அக்கா?" என்று கேட்டால், "அது மச்சாளின்ரை வீடு, தம்பி" என்பார். கராஜ் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

மச்சாள் என்பவர் கணவர் யோகராஜாவின் அக்கா சிவனேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் வீட்டைக் குண்டுக்குப் பறிகொடுத்து, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்து, தொண்ணூற்றிரண்டில் லண்டனுக்குத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். வந்த கிழமையே சொல்லிவிட்டார்: "ஆரின்ரையும் வீட்டு மூலையிலை ஒண்டிக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. லொட்ஜுக்கே திரும்பிப் போறன்." சொன்னால் செய்கிற மனுஷி. பிள்ளைகளின் அறையில் படுத்தாரே தவிர, கொண்டுவந்த பெட்டியை அவிழ்க்கவில்லை.

அதற்காகத்தான் கராஜுக்குள் வேலை தொடங்கியது. ஒரு கட்டில், ஒரு குளியலறை, ஒரு சின்ன அடுப்பு, தோட்டப்பக்கம் ஒரு கதவு. "உள்ளுக்குத்தானே கட்டுறம், கவுன்சிலை ஏன் கேப்பான்?" என்றார் யோகராஜா அண்ணை. யாரோ போய்ச் சொல்ல, கவுன்சில் கடிதம் போட்டது. கட்டிய பிறகாவது அனுமதி கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் உடைத்தெடுத்துக் காரை உள்ளே விட வேண்டியதுதான். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. படுக்கை விரிப்பு மடித்துப் பழகிய கை, ரொட்டியைக்கூட மூலைக்கு மூலை பொருந்த மடித்துத்தான் தட்டில் வைக்கும். நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "தாங்ஸ் எல்லாம் வெள்ளைக்காரருக்குச் சொல்லு. நீ சாப்பிட்டிட்டுப் போ." நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவர் வீட்டுச் சோபாவில்தான் படுத்தேன். அந்தச் சோறு இல்லாவிட்டால் என்னவாகியிருப்பேனோ தெரியாது. நேரில் சொல்ல விடாத நன்றியை இங்கே எழுதித் தீர்க்கிறேன். இந்தப் பத்திரிகை அவர் கையில் அகப்படாது என்ற துணிவுதான்.

பால் காய்ச்சாத வீட்டில் படுக்கமாட்டேன் என்றார் மச்சாள். அக்கா விம்பிள்டன் கோயிலுக்குப் போய் ஐயரிடம் குடிபூரலுக்கு நாள் கேட்டு வந்தார். கவுன்சில் எவ்வளவு நாளும் ஆறப்போடும், பஞ்சாங்கம் ஆறப்போடாது. குறித்த வெள்ளிக்கிழமை காலை கதவடியில் கோலம், நிறைகுடம், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். சின்ன அடுப்பில் பால் பொங்கி வழிகிற நேரம் பார்த்து, இடத்தைப் பார்வையிட வந்து நின்றார் கவுன்சில் அதிகாரி. மழைக்கோட்டுப் போட்ட, மெலிந்த வெள்ளைக்காரப் பெண்.

நல்ல நாளில் வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்துவதா? அக்கா அவரை உள்ளே கூட்டிவந்து இருத்தி, கையில் வடைத்தட்டைக் கொடுத்தார். மச்சாள் கேட்டுக்கொண்டு நிற்க, அவரைக் கராஜில் வைத்திருக்கிறோம் என்று சொல்ல அக்காவுக்கு நா எழவில்லை. மச்சாளுக்கும் விளங்கட்டும் என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம் சொன்னார். "இது புது வீடு. அவவின்ரை சொந்த வீடு. வேற வாசல், வேற அடுப்பு. நாங்கள் இதுக்குள்ளை தலையிடுறேல்லை."

அதிகாரி வடையைத் தட்டில் வைத்துவிட்டார். குடிபூரலுக்கு வந்து நின்ற என்னைப் பிடித்து, விளக்கிச் சொல்லச் சொன்னார். வீட்டோடு சேர்ந்த அறை என்றால் அனுமதிக்கலாம். தனி வீடு என்றால் இந்தத் தெருவில் இடமில்லை. நான் அதைத் தமிழில் சொன்னேன். மரியாதை என்று நினைத்துச் சொன்ன அத்தனையும் மச்சாளுக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது. "நானே கெடுத்துப்போட்டன், தம்பி" என்றார்.

இவர் இங்கே தனியாக வாழப்போகிறாரா, அந்தக் குடும்பத்தோடா என்று கேட்டார் அதிகாரி. நான் சிவனேஸ்வரி அம்மாவிடம் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு பால் பானையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் தம்பியின்ரை வீட்டிலைதான் இருக்கிறன் எண்டு சொல்லு மேனை. தவம்தான் எனக்குச் சோறு தாறவ. தனிய இருக்க எனக்கு ஏலாது."

லொட்ஜுக்குப் போகிறேன் என்று நின்ற வாய் அது. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுந்து அடுப்பைக் காட்டி, இது மட்டும் இருக்கக் கூடாது என்றார். பிறகு உட்கார்ந்து வடையைச் சாப்பிட்டு முடித்தார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அனுமதி வந்தது. வாடகைக்கு விடக்கூடாது, தனியாக விற்கக்கூடாது, சமையல் கூடாது. யோகராஜா அண்ணை அடுப்பைக் கழற்றிய அன்று மத்தியானம், சிவனேஸ்வரி அம்மா தோட்டத்தைக் கடந்து வந்து பெரிய வீட்டுக் குசினி வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. நான் மேசையில் இருந்தேன். அந்தக் குசினியில் அக்கா இன்னொருவரை ஒரு வெங்காயம்கூட உரிக்க விட்டது கிடையாது. யோகராஜா அண்ணைக்கே தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான் உரிமை. அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்புப் புளி காணுமோ எண்டு பாருங்கோ மச்சாள், எனக்கு இண்டைக்கு ஒண்டும் சரிவரேல்லை" என்று அகப்பையைக் கழுவித் துடைத்து, பிடிப்பக்கத்தை அவரிடம் நீட்டிவிட்டு, அக்கா அடுப்படியிலிருந்து விலகி நின்றார்.