டெலானிபூர் விலாசம்

ஒரு பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளத் தமிழரசி வாசலில் நின்றுதான் பார்ப்பாள். உள்ளே போய்க் கேட்டால் எல்லாரும் நல்லதைத்தான் சொல்வார்கள். சாயங்காலம் மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்போது டீச்சர்களைக் கண்டால் பம்முகிறார்களா, இல்லை ஓடிப்போய் எதையாவது கேட்கிறார்களா, அதுதான் அவளுக்கு வேண்டும். மகள் உமா ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிற வருஷம் போர்ட் பிளேரில் அவள் இப்படி நிற்காத அரசுப் பள்ளி இல்லை. தையல் கடையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு, நூல் ஒட்டிய சேலையோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினாள். ஒரு பள்ளியில் ஆயாவிடம் பேச்சுக் கொடுத்துக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். இன்னொன்றில் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய் ஆள் வரவில்லை என்று கேள்விப்பட்டதும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பயம் அவளுக்கு ஏற்கெனவே பட்ட பயம். அவள் படித்தது நிக்கோபாரின் கச்சால் தீவில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, அங்கே ரப்பர் பால் எடுக்க வந்து சேர்ந்த குடும்பம் அவளுடையது. உயர் வகுப்பில் அறிவியலுக்கு வாத்தியாரே கிடையாது. மேன்லேண்டிலிருந்து ஒருவர் வருவார், அடுத்த கப்பலில் வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் வருவதற்குள் சுனாமி வந்துவிட்டது. கூடப் படித்த பல பேர் அலையோடு போனார்கள். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிய பரீட்சையில் தமிழரசி தேறவில்லை. போர்ட் பிளேருக்கு வந்த பிறகு எந்த ஆபீஸுக்குப் போனாலும் பேச்சு ஹிந்தி, தாள் இங்கிலீஷ். சந்தை ஹிந்தி நாக்கில் தொற்றிக்கொண்டது. எழுத்து மட்டும் கடைசிவரை கைக்கு வரவேயில்லை.

அவள் கணவன் விஜயனுக்கு வடக்கே பாராடாங் தீவில் வேலை. பஸ்ஸையும் லாரியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் ஃபெர்ரியில் கயிறு போடுகிறவன். போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு, லீவு கிடைக்கிறபோது காட்டு வழியே போலீஸ் காவலோடு வரிசையாக வரும் கான்வாய் பஸ்ஸில் வந்து போவான்.

"அங்கயும்தான் ஸ்கூல் இருக்கு தமிழு. நம்ம மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்ல?" என்பான்.

"அங்க ஒரு டீச்சர் லீவு போட்டா அன்னிக்குப் பாடமே இல்லைங்க. நான் பார்த்துட்டுத்தானே வந்தேன். அது எனக்குக் கச்சாலுக்குத் திரும்பிப் போற மாதிரி."

கடைசியில் அவள் மனது டெலானிபூர் மேட்டில் இருந்த ஒரு பள்ளியில் நின்றது. இங்கிலீஷ் மீடியம், எல்லாப் பாடத்துக்கும் ஆள் இருந்தது. ஒருநாள் வாசலில் நிற்கும்போது, ஒரு சிறுமி பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று டீச்சரை மறித்து எதையோ வாதாடிக்கொண்டிருந்தாள். டீச்சரும் குடையை இடுக்கிக்கொண்டு நின்று பதில் சொன்னாள். என் மகள் இங்கேதான், என்று தமிழரசி முடிவு செய்தாள். ஆனால் அந்த மேட்டில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம் என்றார்கள். மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. மிச்சம் இருப்பதில்லை.

இதைக் கடையில் ஒருநாள் புலம்பியபோது கேட்டுக்கொண்டிருந்தவள், வழக்கமாக ரவிக்கை தைக்கக் கொடுக்கும் சொர்ணம்மா. திருநெல்வேலிக்காரி. கணவர் ஆவுடையப்பன் சர்க்கார் ஆபீஸில் நல்ல பதவியில் இருந்தார். டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். ஒரே மகன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான்.

"இதுக்கா இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? எங்க வீட்டுப் பின்பக்கத்து ரூம் சும்மாத்தானே கெடக்கு. நீயும் பிள்ளையும் வந்து இருங்க. என் சித்தி மகள்னு சொல்லுதேன். யாரு கேக்கப் போறா?"

குவார்ட்டர்ஸில் சொந்தக்காரர் அல்லாதவரைக் குடிவைக்கக் கூடாது. அதனால் சொந்தக்காரி ஆகவேண்டியிருந்தது. சொர்ணம்மாவை அக்கா என்று கூப்பிடுவது ஏற்கெனவே பழக்கம்தான். ஆவுடையப்பனை அத்தான் என்று கூப்பிடத்தான் பல நாள் பிடித்தது. உமாவுக்குப் பெரியம்மா, பெரியப்பா. குழந்தை ஒரே வாரத்தில் பழகிவிட்டது. பள்ளியிலிருந்து ஒரு ஆள் வந்து, பிள்ளை உண்மையிலேயே இந்த வீட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். பின்னறையில் தொங்கிய பாவாடை, கட்டிலடியில் செருப்பு எல்லாம் பார்த்தான். இடம் கிடைத்தது.

"இத்தோட முடிஞ்சதுன்னு நெனைக்காத. நடுவுல எப்ப வேணும்னாலும் வந்து பாப்பாங்களாம். வீடு மாறினது தெரிஞ்சா பேரை வெட்டிருவாங்க" என்றாள் சொர்ணம்மா.

உமா நன்றாகப் படித்தாள். அதில் குறையே இல்லை. சொர்ணம்மாவும் ஒரு கடுஞ்சொல் சொன்னவள் இல்லை. அதுதான் சிக்கல். முட்டி வலிக்கிறது என்று ஒருநாள் காலையில் உட்கார்ந்தாள், தமிழரசி இட்லி ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். பிறகு இட்லி அவள் வேலையாகிவிட்டது. மீன் வாங்குவது, அத்தானுக்குச் சட்டை தேய்ப்பது, விருந்தாளி வந்தால் டீ போடுவது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைக்குப் போகிற நேரம் குறைந்து, ஒரு கட்டத்தில் கடை முதலாளி வேறு ஆளை வைத்துக்கொண்டார். "போட்டும் விடு, வீட்டுல மிஷின் இருக்கே" என்று சொர்ணம்மா ஆறுதல் சொன்னாள். வீட்டு மிஷினில் சொர்ணம்மாவின் ரவிக்கைகளும் அவள் சிநேகிதிகளின் ரவிக்கைகளும் தைக்கப்பட்டன.

யாராவது வந்து, "இது யாரு?" என்று கேட்டால், "நம்ம பிள்ளைதான்" என்று சொர்ணம்மா சொல்லும்போது அதில் பொய்யே இருக்காது. உமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி மாற்றிப் போட்டவளும் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் என்னவென்று சண்டை போடுவது?

விஜயன் வந்தால் முன்னறை சோபாவின் ஓரத்தில் விருந்தாளியாக உட்காருவான். ஆவுடையப்பன் அவனிடம் கடல் எப்படி, காற்று எப்படி என்று விசாரிப்பார். காப்பி குடித்துவிட்டு எழுந்து, பழைய வீட்டைக் காலி செய்துவிட்டதால் ஜங்லிகாட்டில் ஒரு சிநேகிதன் அறையில் போய்ப் படுத்துக்கொள்வான். புருஷனும் பொண்டாட்டியும் தனியாகப் பேசவேண்டும் என்றால் மெரினா பார்க்கில் காதலர்கள் நடுவே ஒரு பெஞ்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"என் பொண்டாட்டியைப் பார்க்க நான் இன்னொருத்தர் வீட்டுக் காலிங்பெல்லை அமுக்கணும்" என்றான் ஒருமுறை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பேரை வெட்டிட்டா என்னங்க பண்றது?"

"போய்க் கேளேன், ஸ்கூல்ல."

"கேட்டா, ஏன் கேக்குறேன்னு கேப்பாங்க. சித்தி மகள்னு சொன்னது பொய்னு ஆகிடும். அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல பிரச்சினை வரும். உமா படிப்பும் போகும்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு சாத்தியிருந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஆவுடையப்பன் ரிட்டயர் ஆகும் நாள் நெருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்கு மகனிடம் போவது என்று தீர்மானமாயிற்று. ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொர்ணம்மா அந்தப் பேச்சை எடுத்தாள்.

"உமாவையும் எங்ககூட அனுப்பிரு. அங்க இல்லாத ஸ்கூலா? பெரிய ஊரு. என் மகன் விசாரிச்சு வச்சிருக்கான். நீயும் வா. எங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"அவருக்கு இங்க வேலை இருக்கேக்கா."

"அவன் லீவுல வந்து பாத்துட்டுப் போறான். இப்பவும் அப்படித்தானே?"

இப்பவும் அப்படித்தானே என்ற வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. இனி இழக்க என்ன இருக்கிறது, எப்படியும் இந்த விலாசம் போகத்தான் போகிறது என்று தோன்றியது. கையைக் கழுவிவிட்டு நேராகப் பள்ளிக்குப் போனாள்.

பிரின்சிபால் ஷோபனா மேடம் மலையாளி. தமிழும் புரியும், பேசுவது ஹிந்தியில். தமிழரசி முன்னால் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். வீடு காலியாகிறது, நாங்கள் சொந்தம் இல்லை, ஜங்லிகாட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், தயவுசெய்து பெயரை வெட்டிவிடாதீர்கள் என்று.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நாம் காட்னே கோ கௌன் போலா?" என்றார். பெயரை வெட்டச் சொன்னது யார்? பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். "விலாசம் சேர்க்கும்போது மட்டும் பார்க்கும். சேர்ந்த பிறகு வீடு எங்கே மாறினாலும் எங்களுக்கு என்ன? பாதிப் பிள்ளைகள் வீடு மாறியாச்சு. புது விலாசம் எழுதிக் கொடுங்க, போதும். அடுத்த தடவை பொய் மட்டும் வேண்டாம்."

வெளியே வந்து மேட்டுச் சரிவில் மதில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் வரவில்லை. இந்த ஒரு கேள்வியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால்? தையல் கடை இருந்திருக்கும். விஜயன் வந்தால் படுக்க ஒரு பாய் இருந்திருக்கும். யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. அதை நினைத்தால்தான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அக்கா, வீடு மாறினாப் பேரை வெட்ட மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொர்ணம்மாவின் கை கீரையில் நின்றது. மறைக்க முயலவில்லை.

"முதல்ல தெரியாதுட்டி. சத்தியமா தெரியாது. பொறவு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா."

"எப்ப?"

"வந்த வருஷமே." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள், "சொல்லியிருந்தா நீ போயிருப்பல்லா?"

கத்த வேண்டும் என்று தமிழரசிக்கு இருந்தது. காய்ச்சல் இரவில் துணி மாற்றிப் போட்ட கையும் அதுதான் என்பதால் கத்த முடியவில்லை. பின்னறைக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

இடி விழுந்தது அதற்குப் பிறகு. பள்ளியிலிருந்து வந்த உமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் வரலை. நான் பெரியம்மாகூடச் சென்னைக்குப் போறேன்" என்றாள்.

"சென்னையில உனக்கு யாருடி இருக்கா?"

"இங்க மட்டும் யாரு இருக்கா? அப்பா வர்றதே இல்லை. நீ எப்பவும் கிச்சன்லயே இருக்க. பெரியம்மாதான் என்கிட்ட ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க."

பக்கத்து அறையில் சொர்ணம்மா அதைக் கேட்டிருக்க வேண்டும். அவள் வந்து நின்ற விதத்தில் வெற்றி எதுவும் இல்லை. உமாவின் பையை எடுத்துத் தமிழரசியின் கையில் கொடுத்தாள். "கூட்டிட்டுப் போ. அவ சொல்லுதாளேன்னு விட்டுராத" என்றாள். குரல் உடைந்திருந்தது.

ஜங்லிகாட்டில் ஒரு ஒர்க் ஷாப்புக்கு மேலே அறை கிடைத்தது. பகலெல்லாம் இரும்பு அடிக்கிற சத்தம். உமா பஸ்ஸில் அதே பள்ளிக்குப் போய்வந்தாள். வெகு நாட்களுக்கு அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழரசி வாசலில் மிஷின் போட்டுத் தைத்தாள். மகள் திரும்பி வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். மறுநாளும் கேட்பாள்.

விஜயன் மாற்றலுக்குச் சொல்லி வைத்திருக்கிறான், இன்னும் ஆகவில்லை. பள்ளி பன்னிரண்டாவது வரை இருக்கிறது. அதுவரை அவன் அந்தக் கரையில், அவர்கள் இந்தக் கரையில். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து சொர்ணம்மா போன் செய்வாள். தமிழரசி நலம் விசாரித்துவிட்டு, போனை மகளிடம் கொடுத்துவிட்டு மிஷினுக்குத் திரும்புவாள். உமா ஜன்னலோரம் போய் நின்று, பள்ளியில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். தமிழரசி அந்த நேரத்தில் தைக்கிற மாதிரி துணியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள்.